உப்பு

எங்குரி ஆற்றிலிருந்து நாலு நாள் ஏறினாள் பிக்ரியா.
வாளில்லை. முதுகில் ஒரு மூட்டை.

உஷ்பாவின் இரட்டைக் கொம்புகளுக்கு நடுவில்
பனியைப் பாய்போல விரித்து
உட்கார்ந்திருந்தாள் தேவி.
சரிவெங்கும் மலையாடுகள்.

"பிமூர்சாவைக் கொடு."

"எவன் அவன்?"

"என் புருஷன். உன் கிடாவுக்குக் குறிவைத்தவன்."

தேவி சிரித்தாள்.
எங்கோ ஒரு பனிப்பாளம் இறங்கியது.
"எத்தனையோ பேர் வந்தார்கள், ஈட்டியோடு.
அதோ, மேய்கிறார்கள்."

பிக்ரியா பதில் சொல்லவில்லை.
விரல் விறைத்திருந்தது;
முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.
பூண்டு இடித்துச் சேர்த்த
வீட்டு உப்பு.

காற்று திரும்பியது.
ஒரு காது அசைந்தது, அப்புறம் ஒரு கொம்பு,
அப்புறம்
சரிவே எழுந்து அவளிடம் நடந்து வந்தது.

"நில்லுங்கள்" என்றாள் தேவி.
ஒன்றும் நிற்கவில்லை.
"அது என்ன?"

"நீ அழுததே இல்லை.
சொன்னால் எப்படிப் புரியும்?"

கடைசியாக வந்தது
இடது காது கிழிந்த ஒன்று.
கல்யாணத்துக்கு முந்தின வருஷம்
கரடி கிழித்த காது.
மூட்டைப் பக்கம் அது திரும்பவேயில்லை.
அவள் கன்னத்தை நக்கியது,
காய்ந்துபோன கோட்டின் வழியே,
மேலிருந்து கீழாக.

கொம்பில் கயிற்றைக் கட்டினாள்.
திரும்பிப் பார்த்தபோது
காலி மூட்டையின் தையலை
நாக்கு நுனியால் தொட்டுக்கொண்டிருந்தாள் தேவி.

"நட. இருட்டுவதற்குள் ஆற்றைத் தாண்டணும்.
கல்கோபுரத்தில் உன் தம்பி
வில்லோடு நிற்பான்.
நான் முன்னால் போகிறேன்."