சொந்த வேலை

மார்ச் முப்பத்தொன்று இரவு பதினொன்றரைக்கு
கடைசிப் பட்டியலை ஏற்றிவிட்டு
மஞ்சக்குப்பம் கருவூல வாசலில்
ஸ்கூட்டியைத் தேடிக்கொண்டு நின்றேன்.
பேருந்தில் வந்தது அப்புறம்தான் நினைவு வந்தது.

ஏப்ரல் இரண்டாம் வாரம்
ஒருநாள் தற்செயல் விடுப்புக்கு எழுத உட்கார்ந்தேன்.
‘காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

இதுவரை எழுதியவை எல்லாம் மனப்பாடம்.
மகனுக்கு மஞ்சள் காமாலை.
கெடிலம் கரை தாண்டித் தெருவுக்குள் வந்த தண்ணீர்.
மாமியாருக்குக் கண் அறுவை,
முதலில் வலது, அடுத்த வருடம் இடது.
ஏதாவது உடைந்தால்தான்
எனக்கு ஒருநாள் கிடைத்திருக்கிறது.
இந்தமுறை ஒன்றும் உடையவில்லை.
ஒன்றும் உடையாத நாளை
வீட்டிலிருந்து பார்க்கவேண்டும் போலிருந்தது.
இதை எப்படி எழுதுவது
கண்காணிப்பாளர் நடனசபாபதிக்கு?

“சொந்த வேலைன்னு போடுங்கக்கா,”
என்றாள் தஸ்லிமா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
“எல்லாரும் அதத்தான் போடறாங்க.
உங்க பில்லுல பாதிய நான் பாக்கறேன்.”

புதன்கிழமை.
காலை பதினொரு மணிக்கு
என் வீடு எப்படியிருக்கும் என்று
ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாது.

ஜன்னல் வழியே இறங்கிய வெயில்
அரிசி டப்பாவரை வந்து
கொஞ்சம் யோசித்து
மிக்ஸிமேல் ஏறியது.
மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண்
துணி உலர்த்தியபடி
போனில் யாரிடமோ மலையாளத்தில் சிரித்தாள்.
“சங்கரா, கானாங்கெளுத்தி” என்று
தெருமுனையில் தொடங்கிய தேவனாம்பட்டினத்துக்காரி
மற்ற வாசல்களில் எல்லாம் நின்று
என் வாசலை மட்டும் நடந்து கடந்தாள்.
இந்நேரம் இங்கே ஆளிருக்காது என்று அவளுக்குப் பாடம்.

அரிசி களைந்த கையோடு ஓடினேன்.
“இந்த வூட்ல ஆள் இருக்கீங்களா?” என்றாள்.

வருடம் ஒருமுறை என் மேசைக்கு
ஓய்வூதியர்கள் வருவார்கள்,
தாங்கள் உயிரோடு இருப்பதைப் பதிந்துவிட்டுப் போக.
ரேகை விழாவிட்டால்
விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைங்க என்பேன்,
எத்தனை பேரிடம், எத்தனை அலுப்போடு.

ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு
“இருக்கேன்” என்றேன்.

உள்ளறையில்
நெய்வேலியில் இரவு ஷிப்ட் முடித்து வந்த கணவர்
வாய் லேசாகத் திறந்து தூங்கினார்.
கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.
இத்தனை நாளைத் தின்ற அந்த நாற்காலியைத்
திட்ட வாயெடுத்தேன்.
தலைக்குமேல் சுற்றிய மின்விசிறி
அகவிலைப்படி நிலுவையில் வாங்கியது.
மாமியார் டிவியில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற இரண்டு கண்ணும்
அந்த நாற்காலி கொடுத்ததுதான்.
காற்றடியில் சும்மா நின்றேன்.
நன்றி என்று உதடு அசைந்தது,
யாருக்கென்று சரியாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்குச் சேர்ந்து சாப்பிட்டோம்.
“இன்னிக்கு என்ன விசேஷம்?” என்றார்.
“புதன்கிழமை,” என்றேன்.
முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு
சிரித்தார்.

மறுநாள் மேசையில் பட்டியல் ஒன்றுகூட மிச்சமில்லை.
பாதி என்றவள் எல்லாவற்றையும் முடித்திருந்தாள்.

“சொந்த வேலை முடிஞ்சுதாம்மா?”
கையெழுத்துப் பதிவேட்டை நகர்த்தியபடி
நடனசபாபதி கேட்டார்.
“பாதிதான் சார்.
இன்னும் எட்டு நாள் பாக்கியிருக்கு.”

தஸ்லிமா முன்னால்
டப்பாவைத் திறந்து வைத்தேன்.
சங்கரா.
மீன்குழம்பு மறுநாள்தானே ருசி.