சிரிப்பு அடங்கும்வரை

உப்பாலையின் கணக்குப் புத்தகம், 1819.
அட்டைக்குத் தடிமன் போதாமல்
எவனோ ஒரு பைண்டர்
பழைய தாள்களைப் பசை தடவி அடுக்கி
மேலே கன்றுத்தோல் போர்த்தியிருந்தான்.

ஸால்ட்ஸ்ரோடா நகராட்சி நிலவறையில்
குழாய் வெடித்த பிப்ரவரியில்
தோல் தானாகவே வாய் திறந்தது.
ஆவணக்காப்பகத்துக் கெர்லிண்ட பெட்ஸோல்ட்
வெண்ணெய்க் கத்தியால் தாள் தாளாகப் பிரித்தாள்.
உள்ளே ஐந்தைந்து கோடுகள்.
கோடுகளில் தொற்றிக்கொண்டு ஒரு கேலி.

'கடன் வாங்கிய டோப்பா.'
மூன்று அங்கம், நகைச்சுவை ஓபரா.
இசை: லேபெரெஷ்ட் நோட்னாகெல்,
உப்பு நிறுக்கும் குமாஸ்தா.
1811இல் ஒரே ஓர் இரவு மேடை கண்டது.

கதை இவ்வளவுதான்:
ஊருக்கு ஒரே நோட்டரி, அவருக்கு ஒரே டோப்பா.
அது யார் தலையில் இருக்கிறதோ
அவர் சொல்வது சட்டம்.
ராத்திரியோடு ராத்திரியாக நாவிதன் தலைக்குப் போய்
அங்கிருந்து கடன்காரன் தலைக்குத் தாவி
ஒரு தும்மலில் பறந்து
கல்யாணப்பெண் தலையில் உட்கார்கிறது.
தன் பத்திரத்தைத் தானே எழுதப்
பேனாவை எடுக்கிறாள்.
"மணமகன் பெயர்?"
தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.
வயலின்கள் வாய்மூட
பதில் சொல்வது இரண்டாம் பசூன் மட்டும்:
அடிவயிற்றிலிருந்து
இரண்டு சுரம்.

நான்தான் இரண்டாம் பசூன்.
பகலில் பொய்ப்பல் செய்கிறேன்.
செவ்வாய் இரவுகளில்
தீயணைப்பு நிலையத்து மாடியில் ஒத்திகை.
பொய்ப்பல்காரிக்கு ஏற்ற பொய்முடி என்று
டிம்பனி வாசிக்கும் எக்கார்ட்
சொல்லாத வாரமில்லை.

முதல் கிளாரினெட்டின் தாள் கிடைக்கவே இல்லை.
மூன்றாம் அங்கத்தில்
எலி ஒரு காதல் பாட்டைப் பாதி தின்றிருக்கிறது.
என் தாள் மட்டும் முழுசு.
ஓரமெல்லாம்
எனக்கு முன் வாசித்தவனின் பென்சில்.
'இங்கே திரி கிள்ளு.'
'புல்லாங்குழல் பிந்துவான், கண்டுகொள்ளாதே.'
'ஆறு க்ரோஷன் பாக்கி.'
அந்த இரண்டு சுரத்தை அடுத்து
மசியில், நோட்னாகெலின் கையெழுத்தில்:
'சிரிப்பு அடங்கும்வரை நிறுத்து.'
அதன் கீழே பென்சில்:
'யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும்.'

அன்று சாயங்காலம்தான்
இளவரசரின் அத்தை இறந்திருக்கிறார்.
முதல் அங்கம் முடியும் முன்பே
செய்தி அரங்குக்குள் வந்துவிட்டது.
எழுந்து போகவும் முடியாது, பல் தெரியவும் கூடாது.
பிறகு நாற்பது நாள் துக்கம்.
துக்கம் கலைந்தபோது
குழு வேறு ஊரில் இருந்தது,
டோப்பா சத்திரத்துக் கடனுக்கு அடகில் இருந்தது.

ஆக, ஓர் அத்தையால் மறந்துபோன ஓபரா என்று
நிகழ்ச்சிக் குறிப்பை எழுதி முடித்தோம்.
அப்புறம் கெர்லிண்ட
இன்னொரு சீட்டைக் கொண்டுவந்தாள்.
பைண்டருக்குப் போட்ட பழைய தாள்,
பதினொரு ராத்தல்.
விற்றவர் நோட்னாகெல்.
எடை பார்த்தவர் நோட்னாகெல்.
அங்கே நிறுத்தச் சொன்ன அதே கை
இங்கே நிறுத்திருக்கிறது.
எண்ணில் நடுக்கம் ஏதும் இல்லை,
நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
குறிப்பில் இதை அவள் சேர்க்கவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை.
நூற்றுப்பத்து நாற்காலி, எண்பது பேர்,
நனைந்த கம்பளி வாசனை.
நாவிதனுக்குச் சிரித்தார்கள்.
தும்மலுக்குச் சிரித்தார்கள்.
டோப்பா பறக்காமல் விளக்குக் கம்பியில் மாட்டிக்கொள்ள
ஒருவர் ஏணி தேடி ஓடியதற்கு
இன்னும் அதிகம் சிரித்தார்கள்.

"மணமகன் பெயர்?"

வாசித்தேன்.

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
இசை நடத்துநரின் கை
இறங்காமல் மேலேயே நின்றது;
அவரும் அந்த வரியைப் படித்தவர்.
எக்கார்ட் தாடியைச் சொறிந்தார்.
கூரையில் மழை.
பசூனின் நாணல் உதட்டிலேயே இருக்க
எனக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது.

இடைவேளையில்
அவன் பென்சிலுக்குக் கீழே
என் பென்சிலால் எழுதினேன்:
'நானும்.'