அறையின் சத்தம்

ஒதில் கெர்வெல், பிரான்சில் ஏதோ கடற்கரை ஊர்க்காரி.
முதல் படத்துக்குக் கிடைத்தது வசவு.
அப்புறம் பதினாறு வருஷம் சோப்பு விளம்பரம்.
அறுபதைத் தாண்டித்தான் இரண்டாவது படம்,
அதற்கு மதுரை வந்தாள்.

டவுன்ஹால் ரோட்டு லாட்ஜ், மூன்றாம் மாடி.
மைக் கம்பு பிடித்தவன் நான்,
சிக்கந்தர், தினக்கூலி முந்நூறு.

கோபுரம் பக்கம் கேமராவைத் திருப்பவேயில்லை.
ஷாட் முடிந்ததும் ஒரு நிமிஷம்
எல்லாரும் மூச்சடக்க வேண்டும்:
வெறும் அறையின் சத்தம் அவளுக்கு வேணும்.
இந்த ஊரில் அதுக்கு எங்கே போக?
கீழே கொத்துப் பரோட்டா ஆரம்பித்துவிட்டது,
டக்கு டக்கு டடக்கு.
'கட்' சொல்வாள் என்று பார்த்தேன்.
கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்,
கால்விரலில் தாளம், அதுவும் தப்பாக.

அவள் செத்து எட்டு மாசம்.
நேற்று சிம்மக்கல்லில், டயர்க்கடை மாடியில்,
அந்தப் படம் போட்டார்கள். பதினேழு பேர்.
மதுரையில் எடுத்த ஒரு காட்சியும் இல்லை,
எல்லாம் வெட்டியிருந்தாள்.
கடைசியில் ஒரு கிழவன் சாகிறான்,
ஜன்னலில் பனி.
"என்னா நிசப்தம்!" என்றார் முன்வரிசைக்காரர்.

பனிக்கு அடியில், வெகு ஆழத்தில்,
கல்லில் மோதின இரண்டு தகடுகள்.

எனக்குப் பசித்தது.