இரண்டு வீடு தள்ளி

பகலில் நான் டர்பன் துறைமுகத்தில் நத்தை பிடிப்பவள்.
சிரிக்காதீர்கள், அதற்குச் சம்பளம் உண்டு.
ஸ்பெயினிலிருந்து வரும் தரை ஓடுகளின் அடுக்கில்
அட்டைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே
வாசலை அடைத்துக்கொண்டு உறங்கும்
ஒரு வெள்ளைச் சுருள் போதும்,
முழுக் கண்டெய்னருக்கும் முத்திரை வைப்பேன்.
"ஒரே ஒரு நத்தைக்கா மேடம்?" என்று
தொலைபேசி அதிரும்.
ஒன்றுக்குத்தான்.
ஆணும் பெண்ணும் ஒரே ஓட்டுக்குள்.
துணைக்குக் காத்திராத சாதியும் அதில் உண்டு.

மாலையில் மெர்பேங்க்.
ஆலைப் புகை படிந்த ஜன்னலோரம்
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
வேலம்பாசி, ஜாவா பெரணி,
கல்லோடு நூலால் கட்டிய பாசி,
பதினொரு நியான் மீன்கள்,
எண்ணி முடியாத செர்ரி இறால்.

கடையில் வாங்கிய எந்தச் செடியும்
நேரே இதற்குள் போனதில்லை.
கராஜில் நீல வாளி.
படிகாரத் தண்ணீரில் மூன்று நாள்.
வெறுந்தண்ணீரில் மூன்று வாரம்.
முட்டை அதற்கெல்லாம் சாகாது,
பொரியட்டும் என்று காத்திருந்து
மறுபடி படிகாரம்.
"வாசல்ல கட்டவா அக்கா?
அவ்வளவு கண்ணா உங்க வீட்டு மேல?"
பூஜைச் சாமான் கடை ரூபாவதி கேட்பாள்.
ஆமாம் என்பேன்.

அப்படியிருந்தும்
மின்வெட்டு இரவொன்றில், எட்டரை மணிக்கு,
பம்பு நின்ற தண்ணீரில்
மீன்கள் திணறுகின்றனவா என்று டார்ச் அடித்தால்
கண்ணாடி முழுக்க
மிளகளவு, கடுகளவு, கடுகில் பாதியளவு,
அவசரமில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தன.
இலையடியில் முட்டைகள்,
வெந்த ஜவ்வரிசியை விரலால் வழித்து அப்பியது போல.

மாதங்களைக் கோப்பாகப் புரட்டினேன்.
பிப்ரவரி: ரசீது இருக்கிறது, வாளி.
மார்ச்: வாளி.
ஏப்ரல்:
ஐஸ்கிரீம் டப்பா.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் சத்தியசீலன்.
அவர் தங்கை சூட்கேஸில் கொண்டுவந்த
கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி
நான் ஒரே ஒரு கேள்வி கேட்டதிலிருந்து
ஓராண்டாகப் பேசாதவர்.
ஏப்ரலில் கேட்டருகே வந்து நின்றார்.
டப்பாவுக்குள் ஈரச் செய்தித்தாள்,
அதற்குள் அவர் தொட்டியின் பெரணி.
"நடுங்க, பார்த்துட்டுப் போறேன்."
சமாதானத்தைப் படிகாரத்தில் ஊறப்போட முடியுமா?
அவர் கண்ணெதிரே நட்டேன்.
டீ குடித்துவிட்டுப் போனார்.

புறப்பட்ட இடம்: அதே தெரு.
சோதிக்காமல் அனுமதித்த அதிகாரி:
என் கையெழுத்து எனக்கே தெரிந்தது.

செம்பு மருந்து ஊற்றினால் இரவோடு தீரும்,
இறாலும் சேர்ந்து தீரும்.
ஆகவே மீன் தீனியைப் பாதியாக்கினேன்.
படுக்குமுன் ஒரு வெள்ளரித் துண்டு இறக்கி
விடியுமுன் தூக்கினேன்.
முதல் நாள் நாற்பத்தேழு.
மறுநாள் ஐம்பத்திரண்டு.
மூன்றாம் நாள் எண்ணவில்லை.
வேலைக்குப் போய்
ஓட்டுக் கண்டெய்னர் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

ஞாயிறு மாலை மறுபடி வந்தார்.
"என் செடி எப்படி இருக்கு?"
"பெருகிக்கிட்டே இருக்கு," என்றேன்.
பொய்யில்லை. முகம் மலர்ந்துபோனார்.
கையில் இன்னொரு டப்பா.
இரண்டு கையாலும் வாங்கினேன்.
"இப்பவே நடலையா?"
"ராகு காலம் வந்திடுச்சு."
"அப்ப நாளைக்கு?"
"பார்த்தேன், மூணு வாரத்துக்கு நல்ல நாளே இல்லை."
பயபக்தியோடு தலையாட்டினார்.

அவர் போனபின் கராஜுக்குப் போனேன்.
டப்பா மூடியின் மேல்
ரப்பர் வளையத்தில் செருகிய ஒரு கொத்து,
அந்தக் கறிவேப்பிலைதான்.
முகர்ந்தேன்.
ஒவ்வோர் இலையாகத் திருப்பி
அடிப்பக்கம் பார்த்தேன், பழக்கம்.
ஒன்றுமில்லை.
ரசத்தில் போட்டேன்.