காலி

பள்ளிப்பட்டில் மாலை ஐந்தரைக்கு
கூட்டுறவுச் சங்கத்து மாடியில்
ஏழு பிள்ளைகள், ஒரு பலகை.
சுவருக்கு அப்பால் நாலு விசைத்தறி.
மின்சாரம் போனால்தான்
எங்களுக்கு எழுத்துச் சத்தம் கேட்கும்.

யுகந்தர், நான்காம் வகுப்பு.
தனித்தனியாகக் கேட்டால் சொல்வான்:
ம. க. ன்.
சேர்த்துச் சொல் என்றால்
ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர்
ஒரே நிறுத்தத்தில் நிற்பதுபோல்
அவன் வாயில் நிற்பார்கள்.

ஒட்டு, என்றேன். வேகமா ஒட்டு.
ஒட்டினான்:
மக்கன்.

மக்கன் இல்லடா, மகன்.

"நீங்க சொன்னதுல க இல்லையே அக்கா."

அன்றிரவு பாத்திரம் தேய்த்தபடி
சொல்லிப் பார்த்தேன்.
கல். பகல். பக்கம். தங்கம்.
இருபத்தாறு வருஷமாக என் வாய்
என்னைக் கேட்காமலே
ஒரே எழுத்தை மூன்று விதமாகச் செலவழித்திருக்கிறது.
யாரோட பேசறே, என்றாள் அம்மா.

அவன் வீட்டில் தெலுங்கு.
காதுக்குள் அவனுக்குக் க ஒரு ஆள்,
அதன் பக்கத்து வீட்டுக்காரன் வேறு ஆள்.
நான் இருவரையும் ஒரே சட்டையில் அனுப்பிவிட்டு
யார் என்று கேட்கிறேன்.
கவனம் போதாது
என்று பள்ளிக் குறிப்பேட்டில் எழுதியிருந்தது.

மறுநாள்:
தொண்டையில் விரல் வை. பம்பு சொல்லு.
முதல் ப-வுக்கு விரலில் ஒன்றுமில்லை.
ம்-மில் கிளம்பும் அதிர்வு
இரண்டாவது ப-விலும் நிற்காமல் ஓடுகிறது.
"மோட்டார் போட்ட மாதிரி" என்றான்.
ஏழு பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு
பம்பு பம்பு என்று கத்த,
பீடி பற்றவைக்க வந்த தறிக்காரர்
படியிலேயே நின்றுவிட்டார்.
நஸ்ரீன்தான் முதலில் கண்டுபிடித்தாள்:
"அக்கா, குரங்குக்குத் தலையில ஒரு கு, வாலுல ஒரு கு!"

(நீங்களும் விரலை வையுங்கள்.
தாளில் இதை எழுதிக் காட்ட
எனக்கு எழுத்து இல்லை.)

அப்புறம் மகன் வந்தது. பகல் வந்தது.
தங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
நகரம் இன்னும் வரவில்லை,
மூன்று எழுத்து தாண்டினால் மூச்சு வாங்குகிறது.
வரும்.

போன வாரம் நகரி ரோட்டில்
அப்பா கேசவுலுவின் பஞ்சர் கடையில்,
யாரும் சொல்லாமல்,
தகரத்தில் சுண்ணாம்பால் அவனே எழுதினான்,
அவன் வாழ்க்கையில் தானாக எழுதிய முதல் சொல்:

காலி

திருத்தணி லாரிக்காரர் இறங்கி,
"என்னடா காலி? காத்து தீந்துபோச்சா?"
என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தரை வரை காத்திருக்கவில்லை அவன்.
என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.
"அக்கா, எங்க வீட்ல காலின்னா காத்து.
தொண்டை அதிரும், வச்சுப் பாருங்க.
அதுக்கு எது எழுத்து?"

வைத்துப் பார்த்தேன்.
அதிர்ந்தது.
முதலில் வந்தால் க கல்லு மாதிரி இருக்கும்
என்று பலகையில் எழுதியவள் நான்தான்.

காற்று என்று எழுதலாமே, என்றேன்.
அது தமிழ்க் காத்து, என்றான்.
எங்க அப்பா அடிக்கிறது காலி.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
ஒரு எழுத்துகூட நீ தப்பாகக் கேட்கவில்லை
என்று சொன்னேன். அது அவனுக்குப் போதவில்லை.
முறைத்துக்கொண்டே போனான்.

தகரம் இன்னும் தொங்குகிறது.
நகரி பேருந்தின் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள்
கடை காலி என்று படித்துக்கொண்டு போகிறார்கள்.
கீழே கேசவுலு
ஒரு டிராக்டர் டயருக்குக்
காலி அடித்துக்கொண்டிருக்கிறார்.