குமிழி வரும் இடம்

ஞாயிறு மூன்று மணிக்கு
மோல்மேன் ஸ்டிராண்டு ரோட்டில்
என் டயர்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்குவேன்.
பாதிதான். ஆற்றுக்காற்று வரவேண்டும்;
மின்சாரம் எப்படியும் இருக்காது.
நான்கு பிளாஸ்டிக் முக்காலி, ஒரு பிளாஸ்க் தேநீர்,
பொரித்த அவரை ஒரு பொட்டலம்,
ஆளுக்கொரு கதை.

எங்களில் எவர் பெயரிலும் புத்தகம் கிடையாது.
பர்மியப் பாடங்கள் போக மிச்சமான நேரத்தில்
கோயில் மண்டபத்தில் தமிழ் கற்றவர்கள்.
ழகரத்தில் இன்னும் சறுக்குவோம்.

முதல் வருடம் என்னிடம் சிவப்புப் பேனா இருந்தது.
தையற்கடை அஞ்சுகம், வெளியில் மா தீரி,
பதினோரு பக்கம் கொண்டுவந்தாள்.
நான்காம் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன்:
"இது கதையே இல்லை."
சரியாகத்தான் சொன்னேன். அதுதான் கேடு.
அவள் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தாள்.
தேநீரைக் குடித்து முடித்து
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.
அடுத்த ஞாயிறு வரவில்லை.
அதற்கடுத்ததும்.
குயவனுக்குப் பலநாள், தடிக்காரனுக்கு ஒருநாள் என்பார்கள்.
எனக்கு நான்கு பக்கம் போதுமாயிருந்தது.

பயந்துபோய் இன்னொரு தப்பு செய்தேன்.
ஆறு மாதம் எல்லோரிடமும்
"நல்லா இருக்கு", "நல்லா இருக்கு".
காற்றிறங்கிய சைக்கிளிடம்
உன் மணி இனிமை என்று சொல்லி அனுப்புவதுபோல.
அவர்களும் சிரித்தபடி உருட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை, சைக்கா ஓட்டி ஒருவர்
பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டார்.
ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி
அங்குலம் அங்குலமாய் நகர்த்தினேன்.
ஒரு குமிழி.
எழுந்து, உடைந்து, இன்னொன்று.
துடைத்து, பென்சிலால் சுற்றிலும் ஒரு வட்டம்.
இருபது வருடமாய்ச் செய்கிற வேலை,
அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது:
முதலில் காற்றடிக்கிறேன்.
எந்த ட்யூபையும் திட்டியதில்லை.

இப்போது பென்சில்.

துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்ந்த ஊ சோ லின்,
எங்களுக்குப் பொன்னுரங்கம்,
பிலுத் தீவுக்குப் போகும் படகில்
பேச்சற்ற அண்ணன் தம்பியை எழுதிவந்தார்.
அந்த டீசல் நாற்றம் என் கைலியில் ஒட்டிக்கொண்டது,
அதைத் தொட்டுவிடாதீர்கள் என்றேன்.
பிறகு வட்டங்கள்.
அண்ணன் அழுகிறான், சரி, அவன் கை என்ன செய்கிறது?
தம்பி மன்னித்தது எந்த வரியில்? தேடினேன், அகப்படவில்லை.
இந்த மழை எதற்கு?

மழை நிஜமாகவே பெய்தது என்று சண்டைக்கு வந்தார்.
"பெய்யட்டும். கதையில் நனைந்தது யார்?"
பதில் இல்லை.
அவரையை ஒவ்வொன்றாய் எண்ணுவதுபோல் தின்றார்.

மூன்று வாரம் கழித்து வந்த கதையில்
மழை அதே இடத்தில் பெய்துகொண்டிருந்தது.
ஆனால் அண்ணன் அழவில்லை.
தூங்கும் தம்பியின் செருப்பை எடுத்துத்
தன் குடைக்குள் வைத்துக்கொள்கிறான்.
மன்னிப்பு என்ற சொல்லே இல்லை.
நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

கிளம்பும்போது என் கதையைத் திருப்பித் தந்தார்.
ஒன்பது பக்கத்துக்கு ஒரே ஒரு வட்டம்,
அருகில் நடுங்கும் எழுத்தில்:
'இந்தப் பெண் ஏன் எவரிடமும் தோற்பதே இல்லை?'

ஷட்டரை முழுக்க இறக்கினேன்.
மார்க்கெட்டுக்குப் பின்னால் அஞ்சுகத்தின் கடை
ஞாயிறும் திறந்திருக்கும்.
கிழிந்த சீட்டு உறை ஒன்றைச் சாக்குக்குக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வாசலில் போய் நின்றேன்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் மிதி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
"அந்தப் பதினோரு பக்கம்..." என்று தொடங்கினேன்.

கால் நிற்கவில்லை,
ஊசியிலிருந்து கண் எடுக்கவில்லை.
"நாலுதானே படிச்சீங்க" என்றாள்.