பாலம் தூக்கியிருந்த ஆறு நிமிடம்

கோடையென்றால் தூண்டில் முனையில்
மரச்செருப்பைக் கட்டி நீட்டுவேன்,
படகுக்காரர்கள் சில்லறை போடுவார்கள்.
இது மார்ச்.
லேவார்டன் பக்கம் போகும் ஒற்றை மணல் படகு.
மணியடித்து, தடுப்பை இறக்கி,
பாலத்தைத் தூக்கிவிட்டேன்.

அப்போதுதான் வந்தார்கள் சைக்கிள்களில்,
கடைசி வகுப்புப் பிள்ளைகள்.
இன்றைக்கு உறை கொடுத்திருக்கிறார்கள்.
இனி யாருக்கு எந்தப் பள்ளி என்று
பன்னிரண்டு வயதிலேயே பிரித்துவிடும் உறை.

வீக்கெ தடுப்பை எட்டி உதைத்தாள்.
பிறகு காற்றை. பிறகு தன் சைக்கிளையே.
"கப்பல் செய்து விட்டுவிடவா?" என்று
சீட்செ உறையை ஆட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தான்;
சிரிப்பு ஓயும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு அவசரம்,
அடுத்த ஜோக்கைத் தேடி.
ஊபெலெ ரொட்டி தின்றான்.
நிஜமாகவே பசி அவனுக்கு.
பார்க்கப் பொறாமையாக இருந்தது.

ஃபென்னா, என் மகள்,
கடைசியாக வந்து ஒரு காலை ஊன்றி நின்றாள்.
கையுறையைக் கழற்றினாள். மாட்டினாள். கழற்றினாள்.
மேலே கண்ணாடிக்குப் பின்னால் நான் இருப்பது தெரியும்.
தலை தூக்கவில்லை.

மூன்று வயதில் தடுப்பூசிக்கும் இப்படித்தான்.
அடுத்த அறைப் பிள்ளை ஊரைக் கூட்ட,
இவள் நர்ஸின் சட்டைப் பொத்தான்களை எண்ணினாள்.
"தைரியசாலி" என்றார் நர்ஸ்.
நானும் வெகுகாலம் நம்பினேன்,
அன்றிரவு படுக்கை நனைந்ததை
வேறொரு கணக்கில் எழுதிக்கொண்டு.

படகு தாண்டிவிட்டது.
விரல் விசைமேல்.
இன்னும் ஒரு நிமிடம் இறக்காமலே வைத்திருந்தேன்.
விதிப்படி தவறு.
பின்னால் ஒரு வேன் ஹாரனை அழுத்திப் பிடித்தது.
வீக்கெ திரும்பி வேன்காரரைக் கண்டபடி திட்டினாள்.
அந்தச் சத்தத்தில்தான்
ஃபென்னாவின் தோள் விரற்கடை அளவு இறங்கியது,
தனக்கும் சேர்த்து யாரோ கத்தியதுபோல.

இரவு இரண்டு மணி. சமையலறையில் விளக்கு.
கினிப்பன்றிக் கூண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.
மேசையில் பிரிக்காத உறை,
ஒரு மூலை ஈரமாகி.

"என்ன ஆச்சு" என்று கேட்க வாய்வரை வந்தது.
அதற்கு "ஒன்றுமில்லை"தான் பதில்,
பத்து வருடமாக அதே பதில்.
வைக்கோல் கட்டைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினேன்.
கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினாள்,
மூலைகளுக்கு மட்டும் இரண்டு பங்கு.

"வீக்கெ வீட்டுக்குப் போய் அழுதிருப்பாளோ?"

"இல்லை. அவள்தான் உதைத்துவிட்டாளே," என்றாள்.
குழாயை மூடினாள்.
"எனக்கு உதைக்க வராது."